ஆறு மணிக்கு மேல்

விவிடி சிக்னலில் பச்சை விழுந்தது. ஜெபசுதாவின் ஸ்கூட்டர் நகரவில்லை. பின்னால் நின்ற மினிபஸ்காரன் ஹாரனை அமுக்கிப் பிடித்தான். சிவப்பு விழுந்து, திரும்பவும் பச்சை விழுந்தது. அவள் அப்படியே இருந்தாள். மேற்கிலிருந்து அடித்த கச்சான் காற்று ரோட்டு மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கை பிடியில்தான் இருந்தது. திருகினால் வண்டி போகும். திருக வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, கைக்குத் தெரியவில்லை.

போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருத்தர் கையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

“எக்கா, வண்டி மக்கர் பண்ணுதா?”

“வண்டி நல்லாத்தான் இருக்கு.”

“பொறவு?”

“எங்க போணும்னு தெரியலை.”

அவர் அவள் கழுத்தில் தொங்கிய துறைமுக அட்டையைப் பார்த்தார். “ஆர்பருக்குத்தான போறிய? நேரா போங்க.”

“அங்க போவ முடியாது தம்பி” என்றாள் ஜெபசுதா. சொன்ன பிறகுதான் அது உண்மையென்று அவளுக்கே விளங்கியது.

அவர் வண்டியை ஓரத்துக்குத் தள்ளி, டீக்கடை பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அவள் போனிலிருந்தே புருஷனைக் கூப்பிட்டார். அந்தச் சின்ன நேரத்துக்குள் அந்தப் போனுக்கு எத்தனையோ அழைப்பு வந்துவிட்டது. “என்னக்கா, கலெக்டர் ஆபீஸா வச்சிருக்கிய?” என்றார். பள்ளிக்கூடத்திலிருந்து சாக்பீஸ் கையோடு ஓடிவந்த பொன்னுதுரை, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவளை ஆட்டோவில் ஏற்றினான்.

ஜெபசுதா என்றால் துறைமுக வாசலில் லாரி டிரைவர்களுக்குக்கூடத் தெரியும். கரூர்த் துண்டும் கோவில்பட்டித் தீப்பெட்டியும் ஐஸில் வைத்த இறாலும் கப்பலேற வேண்டுமானால் அதற்கு முன் கஸ்டம்ஸ் தலையாட்ட வேண்டும், துறைமுகம் தலையாட்ட வேண்டும், கப்பல் கம்பெனி தலையாட்ட வேண்டும். அத்தனை தலையையும் ஆட்டவைப்பது கிளியரிங் ஆபீஸ் வேலை. கப்பலுக்கு ஒரு கெடு உண்டு. அந்த நேரத்துக்குள் சரக்கு ஏற்றிய கன்டெய்னர் பெட்டி உள்ளே போகவில்லையென்றால் கேட்டை மூடிவிடுவார்கள், கப்பல் தன் பாட்டுக்குப் போய்விடும். சிவசுப்பிரமணியன் அண்ணாச்சியின் கிளியரிங் ஆபீஸில் பதினாறு வருஷமாக ஒரு பெட்டியும் கெடு தவறியதில்லை. காரணம் ஜெபசுதா. “சுதாட்ட குடுங்க, முடிச்சிருவா” என்பது அந்த ஆபீஸில் கும்பிடுகிற மாதிரி ஒரு வார்த்தை.

அவளும் முடித்தாள். கோயில் ஆராதனையில் உட்கார்ந்து முடித்தாள். மாமியார் அடக்கத்தன்று கல்லறைத்தோட்டத்து வேப்பமரத்தடியில் நின்று முடித்தாள். கப்பலுக்குப் பகல் ராத்திரி கிடையாது என்பதால் அவளுக்கும் கிடையாது என்று ஆயிற்று. பல்லைக் கடித்துக் கடித்துக் கடைவாய்ப்பல் ஒன்று தெறித்தது. மிக்ஸி ஓடும்போது அதற்குள் போன் அடிப்பது மாதிரிக் கேட்கும், நிறுத்திப் பார்ப்பாள். கோயம்புத்தூரில் படிக்கிற மகன் பெவின் பேசினால், “சொல்லுங்க, எந்தப் பெட்டி?” என்று எடுப்பாள். அவன் சிரித்தது கொஞ்ச நாள். பிறகு அப்பாவிடம் மட்டும் பேசினான்.

பெரியாஸ்பத்திரி மனநல மருத்துவர் ஒரு பெண்மணி. இருதயப் படம், ரத்தம் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, “எந்திரத்துல கோளாறு இல்ல. ஓட்டுன ஓட்டத்துல கொதிச்சுப்போய் நின்னுருக்கு. ஆறணும்” என்றார்.

“எப்ப ஆறும் டாக்டர்?”

“நீங்க அதைக் கேக்குறதை எப்ப நிறுத்துதியளோ அப்ப.”

மாத்திரை எழுதினார். வேலைக்குப் போகக்கூடாது, போனைத் தொடக்கூடாது, ஓய்வு எடுக்கணும் என்றார். ஓய்வு என்றால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்க ஜெபசுதாவுக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலே வந்துவிட்டாள்.

*

மில்லர்புரத்து வீட்டில் அவள் ஓய்வெடுக்கிற செய்தி இரண்டு நாளில் சாத்தான்குளம் வரை போய்ச் சேர்ந்தது. முதலில் வந்தது பொன்னுதுரையின் அக்காள் கிருபை. சபையின் பெண்கள் ஜெபக்குழுவுக்கு அவள்தான் தலைவி. நல்ல மனசு, அதைவிட நல்ல தொண்டை.

“ஏளா சுதா, ஒனக்கு இளைப்பாறுதல்தான் வேணும். சனிக்கெழம நாங்க ஒனக்காவ வந்து ஜெபிக்கோம். நீ ஒண்ணும் செய்யாண்டாம். பத்துப் பேருதான். ஆளுக்கு ஒரு காப்பி, கடிக்க ஏதாவது, அவ்வளவுதான்.”

“மைனி, டாக்டரம்மா என்ன சொன்னாவன்னா...”

“டாக்டரு மருந்து குடுப்பாவ, சொகத்தைக் குடுக்கது யாரு?”

இதற்கு இந்தப் பக்கத்தில் யாரும் பதில் சொன்னதில்லை.

பத்துப் பேர் என்றது முதல் சனிக்கிழமையோடு சரி. சுகமில்லாத வீட்டுக்கு ஜெபிக்கப் போகாமலிருப்பது மரியாதையில்லை, ஜெபிக்க வந்தவர்களுக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவது அதைவிட மரியாதையில்லை. சபையில் குழுவுக்கா பஞ்சம்? ஒவ்வொன்றாக முறை வைத்து வந்தார்கள். ஜெபசுதா நாற்காலி வாடகைக்குச் சொன்னாள். மக்ரூன் வாங்கிவரச் சொன்னாள். சர்க்கரை உள்ளவர்கள், இல்லாதவர்கள், பால் குடிக்காதவர்கள் என்று டம்ளரைப் பிரித்தாள். பிரிக்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது. அது என்ன அடி என்று அவளுக்குத் தெரியும். கேட் மூடுகிற நேரத்து அடி. “எப்படி இருக்க?” என்று எல்லாரும் கேட்டார்கள். “நல்லாருக்கேன்” என்று எல்லாருக்கும் சொன்னாள். ஆபீஸே தேவலை என்று ஒரு நாள் தோன்றியது. அன்றைக்கு மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஆராதனை அறை மாதிரி ஹால் நிரம்பி வழிந்தது. ஜெபசுதா அடுக்களையில் உளுந்தவடை தட்டிக்கொண்டிருந்தாள். முதுகில் வேர்வை ஓடியது. ஹாலில் கிருபையின் குரல் ஏறியது.

“இந்த மகளுக்கு ஓய்வைக் கட்டளையிடும் ஆண்டவரே. அவ கைகளுக்கு ஓய்வு தாரும். அவ காலுகளுக்கு ஓய்வு தாரும்.”

ஸ்டெல்லா டீச்சர் கண்ணை மூடியபடியே அடுக்களை வாசலுக்கு நகர்ந்து வந்து, ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “சுதா, எனக்குச் சீனி போடாதம்மா. வடை மட்டும் நல்லா மொறுமொறுன்னு எடு.”

ஜெபசுதா அடுப்பை அணைத்தாள். கையைக் கழுவினாள். மூலையில் சுருட்டிவைத்த கோரைப்பாயை எடுத்து ஹாலுக்கு வந்தாள். நடுவில் முழங்காலில் நின்ற இரண்டு பேரை, “கொஞ்சம் தள்ளுங்க” என்று ஒதுக்கி, பாயை விரித்துப் படுத்தாள்.

ஜெபம் நின்றது.

“என்னளா, மயக்கமா?”

“இல்ல மைனி. நீங்க ஓய்வு கேட்டிய. வந்திருச்சு. நான் வாங்கிக்கிடுதேன்.”

“வந்தவுகளுக்கு...”

“மாவு அடுப்புகிட்ட இருக்கு. வேணும்னவுக சுட்டுத் தின்னுங்க. நீங்க பாட்டுக்கு ஜெபம் பண்ணுங்க, எனக்கு எடைஞ்சல் இல்ல.”

சொல்லி முடிப்பதற்குள் கண் சொருகிவிட்டது. அந்த வீட்டுத் தரை அத்தனை குளிர்ச்சி என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. மேலே ஒரு போர்வை கிடந்தது. நாற்காலிகள் அடுக்கியிருந்தன. அடுக்களையில் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருந்தது. கிருபை மட்டும் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

“எல்லார் முன்னாலயும் என் மானத்தை வாங்கிட்டியே, பாவி.”

ஜெபசுதா போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தாள்.

“கொறட்டை வேற. ஸ்டெல்லா டீச்சர் பயந்துபோய்ட்டா.”

“நல்லா விட்டேனா மைனி?”

கிருபை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. திரும்பியபோது சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. “லோடு லாரி மாதி விட்ட. எத்தன வருசமாச்சு நீ தூங்கி?” என்றாள்.

மறு சனிக்கிழமை கிருபை சாளைமீன் குழம்புச் சட்டியோடு தனியாக வந்தாள். பின்னாலேயே வந்த நாசரேத் சொந்தக்காரர்களை வாசலிலேயே மறித்தாள். “அவுகவுக வீட்டுலருந்தே ஜெபிங்க. ஆண்டவருக்கு இந்த வீட்டு அட்ரஸ் தெரியும்.”

*

தூக்கம் ஒன்றுதான் முதலில் திரும்பியது. அதுவும் சீராக இல்லை. நாலு நாள் நன்றாக இருப்பாள். ஐந்தாம் நாள் தலைவாரவும் முடியாது, சீப்பைக் கையில் வைத்தபடி கட்டிலில் இருப்பாள். அப்படி ஒரு நாள் காலையில் அவள் அப்பா ஆசீர்வாதத்துக்குப் பொறுக்கவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்து ஓய்வுபெற்றவர். மனைவி போன பிறகு மகள் வீட்டோடு இருக்கிறார். பேப்பரை மடித்துக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

“நாங்கள்லாம் கப்பல் கெடங்குல எறங்குனா மேல வெயிலு, கீழ சிமிண்டுத் தூசி. தோள் ரெண்டும் காச்சுப்போய்க் கெடக்கும். ஒரு நா படுத்தோமா? நீ ஏசில ஒக்காந்துக்கிட்டு, சுழல்நாக்காலி போட்டுக்கிட்டு... எனக்கு வெளங்கலளா.”

ஜெபசுதா சீப்பைக் கீழே வைத்தாள்.

“அப்பா, ஒங்க சிப்டு முடிஞ்சா என்ன செய்வாவ?”

“சங்கு ஊதுவான்.”

“ஊதுனா?”

“தோள்ல மூட்டை இருந்தாலும் எறக்கிப் போட்டுட்டு ஏறி வந்துருவோம். அடுத்த கேங் எறங்கும்.”

“அடுத்த கேங் வரலைன்னா?”

“வராம என்ன? வரலைன்னா கப்பல் நிக்கும். நாங்க ஏன் நிக்கணும்?”

“எனக்கு யாருப்பா சங்கு ஊதுனா?”

ஆசீர்வாதம் மடித்த பேப்பரைக் கட்டிலில் வைத்தார்.

“எங்க ஆபீஸ்ல அடுத்த கேங்னு ஒண்ணு இல்லப்பா. மொத கேங்கும் நான்தான், ரெண்டாவதும் நான்தான், மூணாவதும் நான்தான். நீங்க மூட்டையை எறக்கிட்டு வீட்டுக்கு வந்து எங்களுக்குக் கதை சொல்லுவிய. சாப்புடுவிய. வாய்ல சோறு இருக்கும்போது ஒங்க தலையில எவனாவது மூட்டையை வச்சிருக்கானா? எனக்கு வச்சான். நானும் வாங்கிக்கிட்டேன். நல்லவன்னு பேரு வாங்குறதுக்கு.”

அவர் முற்றத்துக்குப் போனார். அங்குமிங்கும் நடந்தார். பிறகு வந்து, “போனை எங்க வச்சிருக்க?” என்றார்.

“பீரோல.”

“சாவியை எங்கிட்ட குடு. எவன் வந்து கேக்கான்னு பாக்கேன்.”

அன்றிலிருந்து சாயங்காலம் இரண்டு பேரும் ஹார்பர் பீச்சுக்கு நடக்கப் போனார்கள். முதலில் அவள் கடலைப் பார்க்க மாட்டாள். கடலைப் பார்த்தால் கிரேன் தெரியும், கிரேன் தெரிந்தால் பெட்டி தெரியும், பெட்டி தெரிந்தால் கெடு நினைவுக்கு வரும். மணலைப் பார்த்து நடந்தாள். அப்பா சுண்டல் வாங்கித் தின்றார், எரிக்கிறது என்று ஏசினார், திரும்பவும் வாங்கினார். கச்சான் தணிந்து கிழக்கிலிருந்து கொண்டல் காற்று திரும்பிய ஒரு நாள், அவளே நிமிர்ந்து பார்த்தாள். கிரேன் ஒரு பெட்டியைத் தூக்கி மெதுவாகக் கப்பலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. அது யாருடைய பெட்டி, எந்த ஊருக்கு, கெடு எப்போது என்று மனசு கேட்கும் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை. நன்றாகத்தான் தூக்குகிறான் என்று மட்டும் தோன்றியது.

“பசிக்குப்பா” என்றாள்.

ஊளிமீன் வாங்கிக்கொண்டு போய்ப் பொரித்து, பழைய சோற்றோடு அவளே வட்டிலில் போட்டுத் தின்றாள். பொன்னுதுரை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருந்தான். “என்ன அத்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளை திங்கதைப் பாக்க மாதி பாக்கிய?” என்றாள். அன்றைக்கு அவன் போனில் அவளே பெவினைக் கூப்பிட்டாள். “எந்தப் பெட்டிம்மா?” என்றான் பயல். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

*

சிவசுப்பிரமணியன் அண்ணாச்சி ஆப்பிள் பையோடு வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருச்செந்தூர்த் திருநீறு. ஆளைக் குறை சொல்ல முடியாது. தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் துணி எடுத்துக் கொடுப்பார். கல்யாணம் காட்சிக்கு முதல் ஆளாக நிற்பார். ராத்திரிக்கும் போன் போடுவார்.

“சுதாம்மா, மொகம் தெளிஞ்சிருக்கே. நாளைக்கே வந்துரலாம் போலயே.”

“வாரேன் அண்ணாச்சி. எனக்கும் ஆபீஸை மனசு தேடத்தான் செய்யுது.”

“அப்படிச் சொல்லு. ஜெயகணேஷும் முத்துக்கனியும் கெடந்து முழிக்காவ. கஷ்டமர்லாம் ஒன் பேரைத்தான் கேக்கான்.”

“ஆனா சாயங்காலம் ஆறு மணிக்கு மேல என் கையில போன் இருக்காது. அது ஆபீஸ் போன், ஆபீஸ்லயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமையும் கெடையாது.”

அண்ணாச்சி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார்.

“ஏம்மா, கப்பல் ஆறு மணி பாக்குமா?”

“பாக்காது. அதுக்குத்தான் முறை வைக்கணும்னு சொல்லுதேன். பகலுக்கு நான். சாயங்காலத்துக்கு ஒரு வாரம் முத்துக்கனி, ஒரு வாரம் ஜெயகணேஷ். ராத்திரி முழிச்சவுக மறுநா காலைல வரப்பிடாது. ரெண்டு பேரையும் நான் தயார் பண்ணுதேன்.”

“அவுகளுக்கு ஒன் கைப்பக்குவம் வராதேம்மா.”

“வரவிட்டாத்தான வரும். எதையும் நான் அவுக கைக்கு விட்டதில்ல. அது என் தப்பு.”

“நீ குடும்பத்து ஆளு மாதின்னுல்லா நான் நெனச்சேன். இப்படி ரூலு பேசுத.”

கட்டிலில் இருந்த ஆசீர்வாதம் கனைத்தார். “அண்ணாச்சி, ஒரே கேங்கை வச்சு மூணு சிப்டு ஓட்டுனா எங்க காலத்துல கப்பலையே நிறுத்திப்புடுவோம். எம்மவ மொகத்தாட்சண்யம் உள்ளவ, பேசிக்கிட்டு இருக்கா.”

அண்ணாச்சி எழுந்தார். “யோசிச்சுச் சொல்லுதேன்” என்றார். ஆப்பிள் பையை வைக்க மறந்து எடுத்துக்கொண்டே போய்விட்டார்.

பொன்னுதுரை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். “கொஞ்சம் எறங்கிப் போயிருக்கலாமோ சுதா? எட்டு மணின்னு சொல்லியிருந்தா...”

“எட்டுன்னா பத்தாவும் அத்தான். எனக்கு என்னைத் தெரியும். அவரு கேட்டா நான் குடுத்துருவேன். அதான் கேக்க முடியாத எடத்துல வச்சுட்டேன்.” அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

வேலை போனால் போகட்டும் என்று சொல்லுகிற தைரியம் அவளுக்கு இல்லை. அந்த வேலை அவளுக்குப் பிடிக்கும். தாள்கள் சரியாகி ஒரு பெட்டி கேட்டைத் தாண்டும்போது நெஞ்சுக்குள் ஒரு நிறைவு வரும், அது வேறெங்கும் கிடையாது. அதை விட்டுவிடவும் கூடாது, அது தன்னைத் தின்னவும் கூடாது. ஆபீஸிலிருந்து சத்தமே இல்லாமல் ஒரு வாரம் போனது. அவளாகக் கூப்பிடவில்லை. பீரோச் சாவியை ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள். “எதுக்கு?” என்றார். “சும்மா” என்றாள். கொடுக்கவில்லை.

ஞாயிறு கோயில் விட்டு வரும்போது முத்துக்கனி வீட்டு வாசலில் நின்றாள். ஆபீஸில் அவளுக்கு அடுத்தவள், கைப்பிள்ளைக்காரி.

“எக்கா, அண்ணாச்சி ஒங்க ஆபீஸ் நம்பருக்கு வர்ற போனைத் தன் போனுக்கு மாத்திக்கிட்டாவ. நானே பாத்துக்கிடுதேன், இது என்ன பெரிய வேலைன்னு.”

“பொறவு?”

“முந்தாநா வந்து, ‘ஏளா, இந்தச் சவத்துப் போன் குளிக்கும்போதும் அடிக்கு’ன்னாவ. நேத்து பிரசர் ஏறி ஆஸ்பத்திரில ஊசி போட்டு வந்திருக்காவ. ஒங்களைத் திங்கக்கெழம வரச் சொன்னாவ. ஆறு மணின்னா ஆறு மணிதானாம். நேர்ல சொல்ல வெக்கப்படுதாவ.”

ஜெபசுதா கைப்பையிலிருந்த வேதாகமத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். வழியில் போன ஜனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

*

சம்மதித்தது வேறு, பழகுவது வேறு. அவள் வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரமே சோதனை வந்தது. கனமழை. துறைமுகச் சாலையில் தண்ணீர். ஐஸ் பெட்டி, உள்ளே இறால், கப்பல் காலையில் கிளம்புகிறது. பெட்டிக் கதவின் சீல் எண்ணும் தாளில் இருந்த எண்ணும் ஒத்துவரவில்லை என்று கேட்டில் மறித்துவிட்டார்கள். ஜெயகணேஷ் மழையில் நனைந்துகொண்டு கேட்டிலிருந்து போன் செய்தான். மணி ஆறாக இரண்டு நிமிஷம்.

முத்துக்கனி ஜெபசுதாவைப் பார்த்தாள். அண்ணாச்சி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

“யாருட்ட மொதல்ல பேசுவ?” என்றாள் ஜெபசுதா.

“கம்பெனில, சீல் போட்ட ஆளுட்ட.”

“பொறவு?”

“போட்டோ வாங்கிட்டு, தாளைத் திருத்தி, கஸ்டம்ஸ் சாருட்ட.”

“அவ்வளவுதான். தெரியுதுல்லா.” ஜெபசுதா போனை அவள் மேஜைமேல் வைத்துவிட்டு மழைக்கோட்டை எடுத்தாள்.

“சுதாம்மா” என்றார் அண்ணாச்சி. குரல் இறங்கியிருந்தது. “இன்னைக்கு ஒரு நா மட்டும்.”

“அந்த ஒரு நாதான் பதினாறு வருசம் ஓடிச்சு அண்ணாச்சி. முத்துக்கனி இருக்கா. அவளை நம்புங்க.”

படி இறங்கும்போது நெஞ்சு பழைய அடி அடித்தது. பின்னால் போன் அலறியது. கால் அவளைக் கேட்காமலே ஒரு படி ஏறியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே முத்துக்கனியின் குரல் கேட்டது. முதலில் திக்கியது. பிறகு ஏறியது. “சார், நீங்க போட்டோ அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கிடுதேன். நான் முத்துக்கனி பேசுதேன். சுதாக்கா இல்ல. முத்துக்கனி.”

ஜெபசுதா மழைக்குள் இறங்கினாள்.

வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத்துவையலும். பொன்னுதுரைக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. “ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமா?”

“சோத்தைத் தின்னுங்க அத்தான்” என்றாள். தின்றாள். படுத்தாள். கொஞ்சம் புரண்டாள். பிறகு தூங்கினாள்.

காலையில் ஆபீஸ் படியேறும்போதே ஓட்டமாக வந்தாள் முத்துக்கனி. தலை கலைந்து, கண் சிவந்து, முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி. “எக்கா, பெட்டி ஏறிட்டு. கடைசிப் பெட்டி நம்மதுதான். கேட் சாரே ‘யாரும்மா நீ’ன்னு கேட்டாரு.”

“எனக்குத் தெரியும், நீ ஏத்திருவன்னு. விடியுறவரை இங்கனயா கெடந்த?”

“அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா. இப்பப் பருத்திக்கப்பல் பேப்பர் இருக்குல்லா, அதையும் நானே முடிச்சிருதேன். எனக்கு அலுப்பே இல்ல.”

அண்ணாச்சி அறை வாசலில் பெருமையாக நின்றார். “பாத்தியா சுதாம்மா, பிள்ளை சிங்கம் மாதி நிக்கா. இருக்கட்டும், அவ நல்லாத்தான இருக்கா.”

“நானும் நல்லாத்தான் இருந்தேன் அண்ணாச்சி.”

ஜெபசுதா முத்துக்கனியின் கையிலிருந்த போனை வாங்கினாள். விரல்கள் அதை விடாமல் பிடித்திருந்தன, ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“வீட்டுக்குப் போ. பிள்ளைக்குப் பால் குடு. தூங்கு. சாயங்காலம் வா. அதுக்கு முன்ன இந்தப் படில ஒன் காலைப் பாத்தேன், ஏசுவேன்.”

“எக்கா, ஒரு மணி நேரம் மட்டும்...”

“போளா.”

முத்துக்கனி அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி ஜெபசுதாவைப் பார்த்தார். பிறகு மெல்லக் கையசைத்தார், போ என்று. முத்துக்கனியின் ஸ்கூட்டர் மழைத்தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தெருமுனை திரும்பும்வரை ஜெபசுதா சன்னலில் நின்றாள்.

மேஜையில் டீ வந்திருந்தது. உட்கார்ந்தாள். அதே நேரத்தில் போன் அடித்தது.

“சூடா இருக்கு, குடிச்சிட்டு எடுக்கேன்” என்றாள்.

போன் விடாமல் அடித்தது. அண்ணாச்சி சுற்றுமுற்றும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு அவரே எடுத்தார்.

ஜெபசுதா டீயை ஆற்றாமல், சுடச்சுட, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.